ஆறிய பிறகு தொட்டுப் பார்

சாமு, இதைப் போனில் சொல்ல முடியாது. போனில் நான் ரெண்டு வாக்கியம் பேசுவதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்று ஆரம்பித்துவிடுவாய். மெயிலில் அனுப்பினால் ஆங்கிலத்தில் ஒற்றை வரியில் பதில் வரும். அதனால்தான் காகிதம் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். இதில் நீ குறுக்கே பேச முடியாது, பார். கோபம் வந்தால் முழுக்கப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள். அப்பாவிடம் இதைக் காட்டவில்லை. காட்டினால் பிள்ளைக்கு எழுதிய கடிதம் என்றுகூடப் பார்க்காமல் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான், அந்தப் பேனா இன்னும் வேலையில் இருக்கிறது.

உன் வேலையைப் பற்றி எனக்குப் புரிந்தவரை முதலில் சொல்லிவிடுகிறேன், தப்பாக இருந்தால் மனதுக்குள் திருத்திக்கொள். பகலில் நீ பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு உழைக்கிறாய். சாயங்காலம் ரூமுக்கு வந்ததும், ஒரு பைசா வாங்காமல், இன்னொரு வேலை செய்கிறாய். யாரோ எழுதிய மென்பொருளை, வேறு யாரோ தன் கணினியில் சிரமமில்லாமல் போட்டுக்கொள்ளும்படி கட்டிக் கொடுக்கும் ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். எப்படிக் கட்டுவது என்று அந்த ஆட்களுக்குச் சொல்லித்தரும் வழிகாட்டி ஒன்று இருக்கிறது. அதில் புரியாமல் கிடக்கும் வாசகங்களைப் புரிகிற மாதிரி திருத்துவது நீ எடுத்துக்கொண்ட வேலை. அப்படிக் கட்டியதற்குப் பேக்கேஜ் என்று பெயர் என நீ சொன்னபோது, "நானும் வாழ்க்கை பூரா பேக்கிங் ஹால் பக்கத்தில்தான் இருந்தேன்" என்று நான் சொல்ல, நீ பெரிய மனசு பண்ணிச் சிரித்தாய். நினைவிருக்கிறதா? உன் அப்பா செய்யும் வேலையைத்தான் நீயும் செய்கிறாய், ஆனால் மார்க் போடாமல் செய்கிறாய் என்று எனக்குள் ஒரு பெருமை. அதை உன்னிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

அப்புறம்தான் அந்தச் சங்கதி நடந்தது. நீ மாதக்கணக்கில் உட்கார்ந்து திருத்திய பக்கங்களை அந்தக் குழுவின் மெயிலிங் லிஸ்ட்டில் போட்டாய். எல்லோரும் பார்க்கும் இடம் அது. ரொம்ப நாளாக அங்கே இருக்கும் ஒரு பெரிய ஆள், பழைய வாசகமே போதும், இதைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாதவன் இந்த வேலைக்கு வரவே வேண்டாம் என்று எழுதினார். ரெண்டு மூன்று பேர் அவருக்கு ஒத்து ஊதினார்கள். அன்றைக்கு நீ போன் செய்து, "அம்மா, நா விட்டுட்டேன். யாருக்கும் இது வேணாம். என்னோட பக்கத்த நானே தனியா வெச்சிக்கிறேன்" என்றாய். உன் குரல் சின்னப் பிள்ளையில் ஜுரம் வந்தால் இருக்குமே, அப்படி இருந்தது. அந்த மனுஷன் ஆம்பூரில் இருந்திருந்தால் நேரே வீட்டுக்குப் போய்க் கேட்டிருப்பேன். எந்த நாட்டில் இருக்கிறாரோ, தப்பித்தார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் உனக்கும் எஸ்தருக்கும் முதல் ஓலை வாசித்தார்கள். இன்னாரும் இன்னாரும் திருமணம் செய்துகொள்ள இருக்கிறார்கள், யாருக்காவது தடை சொல்லக் காரணம் இருந்தால் தெரிவிக்கலாம் என்று ஆயர் சொன்னதும், உன் அப்பா கழுத்தை நீட்டி நாலு பக்கமும் பார்த்தார், யாராவது எழுந்து நின்றுவிடுவார்களோ என்று. நான் எஸ்தரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு முன்வரிசையில் அவள் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். ஓலை வாசிக்கும் அன்றைக்குப் பெண் பிள்ளைகள் முகத்தில் ஒரு வெட்கம் இருக்கும், அடக்கிக்கொண்ட சிரிப்பு இருக்கும். இவள் முகம் பரீட்சையில் ஒரு கேள்வியை விட்டுவிட்டு வந்தவள் முகம் மாதிரி இருந்தது. ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து, "அத்தை, அவரோட பழைய கம்ப்யூட்டர் உங்க வீட்லதான இருக்கு? அதுல ஒண்ணு பாக்கணும். இப்ப வரலாமா?" என்றாள். கல்யாணத்துக்கு முன்னாடி பெண் மாப்பிள்ளை வீட்டுக்கு வருவதா என்று உன் சித்தி முனகினாள். மாப்பிள்ளைதான் பெங்களூரில் இருக்கிறானே, கம்ப்யூட்டரைப் பார்க்கத்தானே வருகிறாள் என்று சொல்லி அழைத்து வந்துவிட்டேன்.

வாங்கி வந்த பிரியாணி ஆறிக்கொண்டிருக்க, அவள் உன் மேஜையில் உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஓடுது அத்தை" என்றாள். சந்தோஷமாகச் சொல்லவில்லை. பிறகு துருவித் துருவிக் கேட்டதில் வந்த கதை இது. நீ செய்யும் வேலை என்னவென்று தானும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவளே ஆசைப்பட்டாள். ஷூ கம்பெனி டிசைன் ரூமில் கம்ப்யூட்டரில்தானே அவளுக்கும் வேலை, கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நீயும் தனியாக வைத்திருக்கும் உன் பக்கத்தை அனுப்பினாய். அவள் தம்பிக்குப் புதிதாக வாங்கிய கணினியில் வரிக்கு வரி அதன்படியே செய்து பார்த்தாள். ஓர் இடத்தில் நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப அதே இடத்தில் நின்றது. உனக்குப் போன் செய்தாள். நீ என்ன சொன்னாய் என்று நான் எழுத வேண்டுமா? "அதுல தெளிவா எழுதியிருக்கேன். என் மெஷின்ல வருது. ஒழுங்கா படிச்சிப் பாரு."

அதற்கப்புறம் அவள் உன்னிடம் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, நீயும் கேட்கவில்லை. தனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை என்று வைத்துக்கொண்டாள். நேற்று நம் வீட்டுக் கணினியில் அதே வரிகளைத் தட்டினால் தங்குதடை இல்லாமல் கடைசிவரை ஓடியிருக்கிறது. "இது கட்டணும்னா வேற ஒரு மென்பொருள் முன்னாடியே இருக்கணும் போல அத்தை. அவரு மெஷின்ல அது எப்பவோ போட்டது, அப்படியே இருக்கு. தம்பி மெஷின்ல இல்ல. பக்கத்துல 'தேவையானவை எல்லாம் உள்ளனவா என்று உறுதி செய்துகொள்ளவும்'னு இருக்கு, எது தேவைன்னு இல்ல" என்றாள். அடி சக்கை, உடனே அவனுக்குப் போன் போடு என்றேன். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். "வேணாம் அத்தை. அந்தப் பெரிய ஆளு திட்டினதுலயே அவருக்கு மனசு சரியில்ல. இப்ப நானும் தப்பு சொன்னா ஜாஸ்தி கஷ்டப்படுவாரு. நீங்களும் சொல்லாதீங்க" என்றாள். சொல்லமாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. பிரியாணியை அவள் பக்கம் நகர்த்தினேன், அவ்வளவுதான். ஆகவே சொல்கிறேன். மாமியார் வேலையைக் கொஞ்சம் முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்.

ஏன் சொல்கிறேன் என்றால், இந்த மாதிரி வாய்மூடி இருப்பதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். நீ அப்போது ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்தாய். எங்கள் ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் நான் டைப்பிஸ்ட். பேக்கிங் ஹாலில் மும்தாஜ் என்று ஒரு லைன் சூப்பர்வைசர் இருந்தாள், உனக்குக்கூட ரம்ஜானுக்கு சேமியா கொடுத்து அனுப்புவாளே, அவள்தான். ஹால் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பிய புத்தகத்தைப் பார்த்து மேனேஜர் தமிழில் எழுதிவைத்த பேக்கிங் விதிகள். அதில் ஒரு வரி, 'ஷூ நன்றாகக் காய்ந்த பின் பெட்டியில் வைக்கவும்.' இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த வருஷம் மழைக்காலத்தில் அனுப்பிய சரக்கு கப்பலில் போய்ச் சேர்ந்தபோது, பெட்டிக்குப் பெட்டி ஷூவுக்குள் வெள்ளையாகப் பூஞ்சை. பையரிடமிருந்து ஃபேக்ஸுக்கு மேல் ஃபேக்ஸ். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, மும்தாஜை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்தை டைப் அடிக்கச் சொன்னார். தாளில் தெளிவாக எழுதியிருக்கிறது, இவள் காயவைக்காமல் போட்டிருக்கிறாள் என்றார்.

டைப் அடிக்க எனக்குக் கை வரவில்லை. மும்தாஜ் தன் வீட்டுச் சமையலைக்கூட அவசரமாகச் செய்வாளோ என்னவோ, பேக்கிங்கில் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. ஹாலுக்குப் போனேன். "மும்தாஜ், காஞ்சிடுச்சான்னு எப்படிப் பாக்கறே, எனக்குக் காட்டு" என்றேன். ஷூவைக் காயவைக்கும் சூட்டு அறையைத் தாண்டி லைனில் வந்துகொண்டிருந்த ஒரு ஷூவை எடுத்து உள்ளே புறங்கையை விட்டாள். "தோ பாருக்கா. காஞ்சிதான் கீது" என்று என்னிடம் கொடுத்தாள். நானும் கையை விட்டுப் பார்த்தேன். வெதுவெதுவென்று, அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது. அதை மேஜையில் வைத்துவிட்டு டீ வந்ததும் குடித்துக்கொண்டே பேசினோம். அவள் அழவில்லை. "எல்லாம் என் கையோட கோளாறுதான்க்கா. எங்க பொண்ணுங்க சில பேரு முன்னாடியே சொன்னாளுங்க, பெட்டிய மறுபடி தொறந்தா பேப்பர் நமுத்துனு கீதுன்னு. நாமதான் சரியா பாக்கலன்னு நெனச்சிகினு வாய மூடிகினு இருந்தோம். மேனேஜராண்ட போய்ச் சொன்னா பேஜாருதான்னு வுட்டுட்டேன்" என்றாள். பேச்சுவாக்கில் அந்த ஷூவை மறுபடி எடுத்துக் கையை விட்டவள் அதை என் பக்கம் நீட்டினாள். நானும் விட்டுப் பார்த்தேன். உள்ளே ஜில்லென்று ஈரம்.

சூடாக இருக்கும்போது தோல் தன் ஈரத்தைக் காட்டாது சாமு. கைக்குச் சூடுதான் தெரியும், காய்ந்திருக்கிறது என்று தோன்றும். ஆறினால்தான் ஈரம் வெளியே வரும். வெயில் காலத்தில் லைனுக்கும் பெட்டிக்கும் நடுவே ஷூ ரேக்கில் கிடக்கும்போதே தானாக ஆறிக் காய்ந்துவிடும், அதனால் அந்தத் தாள் அதுவரை பொய் சொன்னதில்லை. மழைக்காலத்தில், அதுவும் அவசரச் சரக்கு என்றால், சூட்டோடு பெட்டிக்குள் போய்விடும். மும்தாஜும் அவள் லைன் பெண்களும் தாளில் இருந்ததை அட்சரம் பிசகாமல் செய்தார்கள். அந்த வரி, அதை எழுதினவருக்குத் தெரிந்ததை எல்லாம் அவர் மண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, 'நன்றாக' என்ற ஒரு வார்த்தையை மட்டும் வெளியே அனுப்பியிருந்தது. நான் அந்த ஷூவையும், லைனிலிருந்து சூடாக இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு மேனேஜர் ரூமுக்குப் போய், "சார், ரெண்டுலயும் கைய வுட்டுப் பாருங்க" என்றேன். முதலில் முறைத்தார். விட்டுப் பார்த்தார். சூடான ஷூ ஆறும்வரை காத்திருந்து, மறுபடி விட்டுப் பார்த்தார். கெட்ட மனுஷன் இல்லை. அந்தக் கடிதத்தைப் பற்றி அப்புறம் அவர் என்னிடம் கேட்கவே இல்லை. அந்தத் தாளை நீயே திருத்தி எழுது என்று மட்டும் சொன்னார்.

எழுதினேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வரி விடாமல் 'கண்டிப்பாக' என்று போட்டேன். கண்டிப்பாக ஆறவைக்கவும், கண்டிப்பாகத் தொட்டுப் பார்க்கவும், டிஷ்யூ பேப்பரைக் கண்டிப்பாக இடப்பக்கமிருந்து மடிக்கவும். மும்தாஜ் வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னாக்கா இது, எல்லாத்துக்கும் கண்டிப்பு போட்டுகினே போனா, எது நெஜமாவே கண்டிப்புன்னு நாங்க எப்படிக் கண்டுபுடிக்கிறது? மடிப்பு மாறினா கப்பலு திரும்பிடுமா?" என்றாள். அப்புறம் ரெண்டு பேரும் உட்கார்ந்து, தவறினால் சரக்கே பாழாகும் என்பதை மட்டும் மேலே எழுதினோம். இப்படிச் செய்தால் நல்லது என்பதைக் கீழே எழுதினோம். உங்கள் இஷ்டம் என்பதை எடுத்தே போட்டுவிட்டோம். 'நன்றாகக் காய்ந்த பின்' என்று இருந்த இடத்தில், 'ஷூவை ரேக்கில் ஆறவிடவும். ஆறிய பிறகு உள்ளே புறங்கையை வைத்துப் பார்க்கவும். ஜில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை' என்று வந்தது. நீளம்தான். ஆனால் அதைப் படித்தவளுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரிந்தது.

ஒட்டுவதற்கு முன்னால் ஒன்று செய்தோம். உனக்குச் சொல்ல வந்ததே இதுதான். மும்தாஜிடம் படிக்கக் கொடுக்கவில்லை, அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே. பேக்கிங் பக்கமே வராத ஒருத்தியைத் தையல் பகுதியிலிருந்து கூப்பிட்டோம். நான் சத்தமாக வாசிக்க, கேட்டபடியே அவள் செய்ய வேண்டும். நாங்கள் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லக் கூடாது, ஜாடைகூடக் காட்டக் கூடாது. மும்தாஜ் வாயைப் பொத்திக்கொண்டு தவித்தாள். எங்கெல்லாம் அந்தப் பெண்ணின் கை நின்றதோ, அங்கெல்லாம் தப்பு எங்களுடையது என்று முடிவு செய்துகொண்டோம். "எங்க நின்னே?" என்று கேட்போம், அவள் சொல்லுவாள், அந்த வரியை மாற்றுவோம். முதலில் அவள் பயந்தாள், தன்னைத்தான் பரீட்சை பண்ணுகிறோம் என்று. பரீட்சை எங்களுக்குத்தான் என்று புரிந்ததும் வேண்டுமென்றே நின்று வம்பு பண்ண ஆரம்பித்துவிட்டாள். அந்தத் தாள் அப்புறம் நான் வேலையை விட்டு வரும்வரை சுவரில் இருந்தது. மும்தாஜும் அதுவரை அங்கேதான் இருந்தாள்.

இப்போது உன் விஷயத்துக்கு வா. அந்தப் பெரிய ஆளிடம் நீ எதற்காகச் சண்டை போட்டாய்? புதிதாக வருகிறவன் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காக. அவர் என்ன சொன்னார்? புரியாதவன் வர வேண்டாம் என்றார். எஸ்தரிடம் நீ என்ன சொன்னாய்? வார்த்தை வேறாக இருக்கலாம், சொன்னது அதேதான். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, அடிபட்ட கையோடு இருக்கிறவன் யார் தொட்டாலும் உதறத்தான் செய்வான். ஆனால் உன் கணினியில் எல்லாம் முன்பே இருக்கிறது, அது சூட்டில் இருக்கும் ஷூ. அதில் வருகிறது என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஒன்றும் இல்லாத ஒரு கணினியில், ஒன்றும் தெரியாத ஒருத்தி உன் பக்கத்தை மட்டும் நம்பி உட்கார்ந்தாளே, நாங்கள் தையல் பகுதிவரை தேடிப் போய்க் கூப்பிட்ட ஆள் உனக்கு வீடு தேடி வந்திருக்கிறாள். அவளை ஒழுங்காகப் படி என்று அனுப்பிவிட்டாய்.

வழிகாட்டியை விடுவதா, தொடர்வதா என்று நான் சொல்லமாட்டேன். அது உன் வேலை, உன் மாலைப்பொழுது. இனி அதில் பாதி அவளுடையதும்கூட. விடுவதென்றால்கூட, அந்த ஒரு வரியைச் சரி செய்துவிட்டு விடு. இல்லை, அந்த லிஸ்ட்டுக்கே திரும்பப் போய், என் பக்கமும் இந்த இடத்தில் தப்பாக இருந்தது, ஒருவர் செய்து பார்த்துச் சொன்னார் என்று எழுதினால், அந்தப் பெரிய ஆளுக்கு என்ன பதில் இருக்கும் என்று எனக்குப் பார்க்க ஆசை. ஆனால் நான் கவலைப்படுவது வழிகாட்டியைப் பற்றி இல்லை சாமு. தாலி ஏறும் முன்னாலேயே அந்தப் பெண், உனக்கு மனசு கஷ்டமாகும் என்று ஒன்றை மறைக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். இன்றைக்குக் கம்ப்யூட்டர். நாளைக்குக் குழம்பு, நாளன்றைக்கு உடம்பு, அதற்கடுத்து வேறு எதுவோ. எல்லாவற்றிலும் தன் கைதான் கோளாறு என்று வாயை மூடிக்கொண்டு இருப்பாள். உன் வீட்டில் எல்லாம் சரியாக ஓடுவதாக நீ நினைத்துக்கொண்டிருப்பாய். நமுத்த காகிதத்தைப் பற்றி மும்தாஜும் அவள் லைன் பெண்களும் முதல் வாரமே மேனேஜரிடம் வாயைத் திறந்திருந்தால் சேதம் ஒரு ரேக்கோடு போயிருக்கும். பயம் திறக்க விடவில்லை, அவ்வளவுதான்.

அவளாகச் சொல்லமாட்டாள், நீதான் கேட்க வேண்டும். இதைப் படித்து முடித்ததும் உடனே போனை எடுக்காதே, கோபம் ஆறட்டும். அப்புறம் அவளைக் கூப்பிட்டு, "எந்த எடத்துல நின்ன?" என்று மட்டும் கேள். கேட்டுவிட்டுச் சும்மா இரு. எனக்குச் சொல்வது மாதிரி சரி சரி என்று நடுவில் ஆரம்பிக்காதே. அம்மா எழுதினாள் என்று சொல்ல வேண்டியதில்லை, சொன்னாலும் பரவாயில்லை, பிரியாணி வாங்கிக்கொடுத்து சமாதானம் பண்ணிக்கொள்வேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ரெண்டாவது ஓலை. தடை சொல்ல யாருக்காவது காரணம் உண்டா என்று ஆயர் மறுபடியும் கேட்பார். உன் அப்பா மறுபடியும் நாலு பக்கமும் திரும்பிப் பார்ப்பார். நான் எஸ்தர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ கேட்டாயா இல்லையா என்று அதில் தெரிந்துவிடும்.

அம்மா